ஊமைப்பட நடிகையின் வாழ்க்கையை எழுதுவது எப்படி: சேலத்திலிருந்து தொடங்குவோருக்கு

சேலத்தில் பழைய சினிமா என்று பேச்செடுத்தால் அது ஏற்காடு சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவில்தான் போய் நிற்கும். ஊமைப்பட நடிகை ஒருவரின் வாழ்க்கையை எழுத நினைப்பவர் முதலில் அந்த வளைவைக் கடந்து பின்னோக்கிப் போக வேண்டும். டி.ஆர்.சுந்தரத்தின் அந்த ஸ்டூடியோ நிறுவனம் 1930களின் நடுவில் தொடங்கியது; அதன் முதல் படமான சதி அகல்யா 1937இல் வந்தது. ஆனால் 1931 அக்டோபர் 31 அன்று காளிதாஸ் வெளியானபோதே தமிழ்த்திரை பேசத் தொடங்கிவிட்டது. ஆகவே உங்கள் தேடலின் எல்லை, நடராஜ முதலியார் சென்னையில் கீசகவதம் என்ற ஊமைப்படத்தை எடுத்த காலத்திலிருந்து 1930களின் தொடக்க ஆண்டுகள் வரைதான். ஸ்டூடியோ நினைவுகளுக்குப் பின்னால் அலைந்து மாதங்களை வீணாக்காதிருக்க, இந்த எல்லையைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்ததாக, படத்தைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்ற நினைப்பை விட்டுவிடுவது நல்லது. இந்தியாவில் எடுக்கப்பட்ட ஊமைப்படங்கள் ஏறத்தாழ 1,300 என்பார்கள். அவற்றில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அக்காலத்து நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும், காலப்போக்கில் தானே சிதையும், வெள்ளிக்காக உருக்கவும்படும். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964இல்தான் அமைந்தது. அதற்குள் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. 1933இல் வெளியான மலையாள ஊமைப்படமான மார்த்தாண்டவர்மா பிழைத்ததற்குக் காரணம்கூட யாருடைய அக்கறையும் அன்று: அதன் மூலமான நாவலின் பதிப்புரிமை தொடர்பான வழக்கில் படம் பதிப்பாளரிடம் முடங்கிப்போனது, பின்னர் காப்பகத்துக்குக் கிடைத்தது. எனவே நீங்கள் எழுதப்போவது, பெரும்பாலும், காகிதங்களைக் கொண்டு ஒரு நடிப்பு வாழ்க்கையை மீட்டெடுக்கும் வேலை.

அந்தக் காகிதங்களில் தேடுவதற்குப் பெயர் வேண்டும். நடிகையின் பெயரோ நிலையாக இருப்பதில்லை. பெரும்புகழ் பெற்ற சுலோசனா, புனேயில் பிறந்த ரூபி மையர்ஸ் என்னும் யூதப் பெண். படத்துக்கு வருமுன் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். விகதகுமாரன் என்ற மலையாள ஊமைப்படத்தில் நாயர்ப் பெண்ணாக நடித்ததற்காகத் திருவனந்தபுரத்திலிருந்து விரட்டப்பட்ட தலித் பெண்ணான பி.கே.ரோசியை, பிற்காலத்தில் ராஜம்மாள் என்ற பெயரில்தான் அக்கம்பக்கத்தார் அறிந்திருந்தார்கள் என்று சொல்லப்படுகிறது. இயற்பெயர், மேடைப்பெயர், படப்பெயர், திருமணத்துக்குப் பிந்தைய பெயர் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தாள் ஒதுக்குங்கள். ஆங்கில எழுத்தில் அப்பெயர் எப்படியெல்லாம் திரிந்திருக்கும் என்பதையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு தாள்களும் ஒரே பெண்ணைக் குறிப்பவை என்று சொல்ல, முகவரி, உறவினர், நாடகக் கம்பெனி என ஏதேனும் ஒரு தனிச்சான்று கிடைக்கும்வரை அவற்றைச் சேர்க்காதீர்கள்.

ஆண்டுக் கணக்கில் இதைவிடக் கவனம் தேவை. நாடக நோட்டீஸ்களிலும் அழைப்பிதழ்களிலும் தமிழ் ஆண்டுப் பெயரே இருக்கும். பிரமோதூத ஆண்டு 1930 ஏப்ரலில் பிறந்தது. ஆனால் பிரமோதூத தை மாதம் என்றால் அது 1931 ஜனவரி, பிப்ரவரி. தமிழ் ஆண்டுப் பட்டியலைப் பார்த்து அவசரமாக 1930 என்று எழுதினால், நடிகை ஒரே நேரத்தில் இரண்டு ஊர்களில் இருந்ததாகக் கதை வந்துவிடும். அச்சான நூல்களும் ஒத்துப்போவதில்லை: கீசகவதத்துக்கு 1917 என்றும் 1918 என்றும், விகதகுமாரனுக்கு 1928 என்றும் 1930 என்றும் காண்பீர்கள். படப்பிடிப்பு, தணிக்கை, முதல் திரையிடல், உங்கள் ஊருக்குப் படம் வந்த நாள் ஆகியவை வெவ்வேறு நாள்கள் என்பதை மறந்துவிடுவதால்தான் இந்த முரண்களில் பல எழுகின்றன. நான்குக்கும் நான்கு பத்திகள் போட்டுத் தெரிந்ததை மட்டும் நிரப்புங்கள்.

தலைப்பும் ஏமாற்றும். திரௌபதி வஸ்திராபகரணம் என்ற பெயரில் நடராஜ முதலியார் ஊமைப்படம் எடுத்தார். 1934இல் சேலம் ஏஞ்சல் பிலிம்ஸ் அதே பெயரில் பேசும்படம் எடுத்தது. குடும்பத்தார் ஒருவர், எங்கள் பாட்டி திரௌபதி வேஷம் கட்டினார் என்று சொன்னால், எந்தத் திரௌபதி என்று கேட்காமல் விடக்கூடாது. சந்தேகம் தீரச் சுருளின் நீளமும் சில வேளை உதவும். 35 மி.மீ. சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டங்கள் (ஃபிரேம்கள்). நொடிக்கு 16 சட்டம் என்ற ஊமைப்பட வேகத்தில் 6,000 அடி 100 நிமிடம் ஓடும். நொடிக்கு 24 சட்டம் என்ற பேசும்பட வேகத்தில் அது சுமார் 67 நிமிடமே. கையால் சுழற்றிய கருவியின் வேகம் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், நேரத்தை நம்பாமல் அடிக்கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சேலத்தில் என்ன கிடைக்கும் என்ற கேள்விக்கு என் பதில், படத்தைவிட மனிதர்களைப் பற்றிய தடயமே கிடைக்கும் என்பதுதான். நடிகை இங்கு வீடு வாங்கியிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் இருக்கும். பழைய ஆண்டுகளுக்கு மனுக் கொடுத்துத் தேட வேண்டியிருக்கும், ஆனால் பத்திரத்தில் தகப்பனார் அல்லது கணவர் பெயரும் தொழிலும் இருப்பதால் ஒரே தாள் பல முடிச்சுகளை அவிழ்க்கும். இங்கு இறந்திருந்தால் மாநகராட்சியின் இறப்புப் பதிவேடு. பழைய காகிதங்களில் சேலம் ஜில்லா என்றிருப்பதை இன்றைய மாவட்டமாக எண்ணிவிடாதீர்கள். தருமபுரி 1965இலும் நாமக்கல் 1997இலும்தான் பிரிந்தன, ஆகவே ஓசூர்க்காரரும் ராசிபுரத்துக்காரரும் அதில் சேலத்தாரே. ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துப் பெண் என்றால், சேலத்திலும் ஏற்காட்டிலும் உள்ள தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளையும் கல்லறைகளையும் பாருங்கள். முதலியாரின் படங்களில் அச்சமூகப் பெண்கள் நடித்ததால் இது வெறும் ஊகத் தேடல் அன்று. சென்னை மாகாண ஆங்கிலிக்கத் தேவாலயப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டு இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. உள்ளூர்ப் பதிவேடு செல்லரித்திருந்தாலும் வழி அடைபடாது.

சென்னைக்கு ஒரு பயணம் தவிர்க்க முடியாதது. ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் நாடக நோட்டீஸ்களையும் பழைய இதழ்களையும், எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அரசாணைகளையும் கேளுங்கள். ரங்காச்சாரியார் தலைமையிலான சினிமா விசாரணைக் குழு 1928இல் அளித்த அறிக்கையையும், அதைவிட முக்கியமாக அதன் சாட்சியத் தொகுதிகளையும் படியுங்கள். நடிகையை அக்காலச் சமூகம் எப்படி எடைபோட்டது என்பது வேறெங்கும் இவ்வளவு பச்சையாகத் தெரியாது.

குடும்பத்தாரிடம் போகும்போது நிதானம் வேண்டும். அந்தப் படங்களை நேரில் பார்த்தவர் இன்று அநேகமாக எவரும் இல்லை. நீங்கள் கேட்பது, கேட்டவர் சொன்ன கதை. பாட்டி சினிமாவில் இருந்ததை இரண்டு தலைமுறையாக மறைத்த குடும்பங்கள் உண்டு. அங்கே போய் நடிப்பைப் பற்றி முதல் கேள்வி கேட்டால் கதவு சாத்தப்படும். அம்மா, பழைய போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று தொடங்கி, படத்தில் இருப்பவர்கள் யார், எந்த ஊர், எந்தத் திருமணம் என்று உறவுமுறை வழியாகவே போங்கள். போட்டோவின் பின்புறத்தையும் படமெடுங்கள். ஸ்டூடியோ முத்திரை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். முகம் ஒத்திருக்கிறது என்பதற்காக ஒருபோதும் பெயரிடாதீர்கள்.

எழுத உட்காரும்போது, பேசும்படத்தின் வருகையை ஒரே வரியில் தாண்டுவது பலரும் செய்யும் பிழை. ஊமைத்திரைக்குத் தேவைப்பட்டது முகமும் உடலும்; 1931க்குப் பின் பாட்டும் தமிழ் உச்சரிப்பும் தேவைப்பட்டன. 1911இல் திருவையாற்றில் பிறந்து, குழந்தைத் திருமணத்திலிருந்து விடுபட்டு நாடகமேடைக்கு வந்து, கோவலன் முதலிய ஊமைப்படங்களில் நடித்த டி.பி.ராஜலட்சுமிக்கு அந்த மாற்றம் கதவைத் திறந்தது. காளிதாஸின் கதாநாயகி அவரே, 1936இல் மிஸ் கமலாவை இயக்கியவரும் அவரே. சுலோசனாவோ இந்தி கற்றுக்கொண்டு திரும்ப வேண்டியிருந்தது. உங்கள் நடிகை இந்த இருவருக்கும் இடையில் எங்கே நின்றார், பாடத் தெரிந்தவரா, மேடைக்கே திரும்பினாரா என்பதற்கு 1931 முதல் 1936 வரையிலான நோட்டீஸ்களை ஆண்டுவாரியாக அடுக்கிப் பாருங்கள். அத்தியாயங்களில் இதற்கே அதிகப் பக்கம் கொடுக்கலாம். ஒவ்வொரு கூற்றின் ஓரத்திலும் அச்சுச் சான்றா, பதிவேடா, வாய்மொழியா என்று பென்சிலால் குறித்து, கையெழுத்துப் படி முடிந்ததும் அதை முதலில் குடும்பத்தாரிடம் காட்டுங்கள். அவர்கள் திருத்துவது பெரும்பாலும் தேதியாக இராது, உறவுமுறையாகத்தான் இருக்கும்.