கடத்தியின் பரப்பில் மின்புலம்: கணக்கை எங்கிருந்து தொடங்குவது

நிலைமின்னியல் படிக்கும் மாணவர்களை மிகவும் குழப்புபவை இரண்டு சூத்திரங்கள். மின்னூட்டம் பெற்ற முடிவிலாத் தகட்டின் அருகே உள்ள மின்புலத்தைக் காண, பரப்பு மின்னூட்ட அடர்த்தியை (ஒரு சதுர மீட்டரில் உள்ள மின்னூட்டம்) வெற்றிடத்தின் விடுதிறனைப் (மின்னூட்டத்தையும் அது உண்டாக்கும் புலத்தையும் இணைக்கும் மாறிலி) போல் இரு மடங்கால் வகுக்கிறோம். கடத்தியின் பரப்பை ஒட்டி வெளியே உள்ள புலத்துக்கோ விடுதிறனால் மட்டும் வகுத்தால் போதும் என்கிறது பாடநூல். எந்த இடத்தில் எதைப் போடுவது என்று மனப்பாடம் செய்யத் தேவையில்லை. சமநிலையில் உள்ள கடத்தியின் உள்ளே மின்புலம் சுழி என்ற ஒன்றிலிருந்து தொடங்கினால் மற்றவை தாமாகவே கிடைக்கும்.

உலோகத்துக்குள் சிறிதளவு மின்புலம் இருந்தாலும் கட்டற்ற எலக்ட்ரான்கள் நகரும். அவை பரப்பில் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும், அந்தப் புலத்தை முற்றிலும் ஈடுசெய்யும் எதிர்ப்புலத்தை உண்டாக்கிய பின்னரே நகர்வு நிற்கும். வெளியிலுள்ள மின்னூட்டத்தின் புலத்தைக் கடத்தி தடுத்து நிறுத்துவதில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அந்தப் புலம் உள்ளேயும் இருக்கிறது, பரப்பு மின்னூட்டத்தின் புலமும் இருக்கிறது, இரண்டின் கூடுதல்தான் சுழி. பரப்பின் வழியே ஒரு புலக்கூறு இருந்தால் எலக்ட்ரான்கள் பரப்பிலேயே ஓடும் என்பதால், வெளிப்புலம் எங்கும் பரப்புக்குச் செங்குத்தாகவே அமைகிறது.

அடுத்து, பரப்பின் ஒரு சிறு துண்டை உள்ளும் புறமுமாகக் கவ்வும் மெல்லிய உருளையைக் காஸியன் பரப்பாகக், அதாவது கணக்குக்காகக் கற்பனையாக வரையும் மூடிய பரப்பாகக், கொள்ளுங்கள். காஸ் விதிப்படி, அதன் வழியே வெளியேறும் மொத்தப் பாயம் (பரப்பைச் செங்குத்தாகக் கடக்கும் புலத்தின் அளவு) உள்ளே உள்ள மின்னூட்டத்தை விடுதிறனால் வகுத்ததற்குச் சமம். உள்மூடியில் புலம் இல்லை, பக்கச் சுவர் வழியே பாயம் இல்லை. எனவே முழுப் பாயமும் வெளிமூடி வழியே செல்கிறது, விடுதிறனால் மட்டும் வகுக்கும் சூத்திரமும் வந்துவிடுகிறது. அப்படியானால் தகட்டின் சூத்திரத்தில் இருந்த அந்தப் 'பாதி' எங்கே போயிற்று?

அந்தத் துண்டை மட்டும் தனியே எண்ணிப் பாருங்கள். மிக அருகிலிருந்து நோக்கினால் அது தட்டையான தகடுதான். ஆகவே வெளிப்புறம் பாதி அளவும் உட்புறம் பாதி அளவும் புலத்தை உண்டாக்குகிறது. உள்ளே மொத்தம் சுழியாக இருக்க வேண்டுமெனில், கடத்தியின் ஏனைய பகுதிகளிலும் அதற்கு வெளியிலும் உள்ள மின்னூட்டங்கள் அனைத்தும் சேர்ந்து அதே இடத்தில் அதே பாதி அளவை வெளிநோக்கித் தந்தாக வேண்டும். பரப்புக்கு உள்ளே இரு பாதிகளும் ஒன்றையொன்று அழிக்கின்றன. வெளியே இரண்டும் கூடி முழு அளவாகின்றன. துண்டின் ஓர் அலகுப் பரப்பின் மீது செயல்படும் விசையைக் கணக்கிடும்போதும் இதே பிரிப்புதான் உதவும்: எந்தத் துண்டும் தன்னைத் தானே தள்ளிக்கொள்ளாது என்பதால், மற்றவற்றின் பாதிப் புலத்தை மட்டுமே அடர்த்தியால் பெருக்க வேண்டும். முழுப் புலத்தால் பெருக்கினால் விடை இரு மடங்காகிவிடும்.

இனி ஒரு கணக்கு. 10 செ.மீ. ஆரமுள்ள உலோகக் கோளத்தில் மையத்திலிருந்து விலகிய ஒரு குழி; குழிக்குள் 5 நானோகூலூம் நேர்மின்னூட்டம்; கோளத்துக்கு நாம் கொடுத்தது 2 நானோகூலூம் எதிர்மின்னூட்டம். குழியைச் சுற்றி உலோகத்தினுள்ளேயே காஸியன் பரப்பை வரைந்தால் அதன் பாயம் சுழி. எனவே குழியின் சுவரில் −5 இருந்தாக வேண்டும். கோளத்தின் மொத்தம் −2 என்பதால் வெளிப்பரப்பில் +3 எஞ்சுகிறது. அருகில் வேறு மின்னூட்டம் இல்லாதவரை, குழி எங்கிருந்தாலும் இந்த 3 நானோகூலூம் வெளிப்பரப்பில் சீராகவே பரவும். பரப்பை ஒட்டிய புலம் மீட்டருக்குச் சுமார் 2,700 வோல்ட். மைக்கேல் ஃபாரடே 1843இல் உலோக வாளிக்குள் மின்னூட்டிய குண்டை இறக்கிக் காட்டியதும் இதையே: குண்டு போதிய ஆழத்துக்குச் சென்றபின் அதை உள்ளே எங்கு நகர்த்தினாலும் வெளியே வாளியோடு இணைத்திருந்த மின்காட்டியின் (மின்னூட்டத்தை இலைகளின் விரிவால் காட்டும் கருவி) இலைகள் அசையவில்லை.

கூர்மையான இடத்தில் அடர்த்தி மிகும் என்ற விதியைச் சற்று எச்சரிக்கையுடன் கையாள வேண்டும். தொலைவில் உள்ள 10 செ.மீ., 1 செ.மீ. ஆரக் கோளங்களை நீண்ட மெல்லிய கம்பியால் இணைத்தால், மின்னழுத்தம் சமமாவதால் சிறிய கோளத்தின் அடர்த்தி பத்து மடங்காகும். ஆனால் எல்லா வடிவங்களுக்கும் வளைவிலிருந்து அடர்த்தியை நேரடியாகத் தரும் வாய்பாடு ஏதும் இல்லை. அடர்த்திக்கு நடைமுறையில் ஒரு வரம்பும் உண்டு: மீட்டருக்குச் சுமார் 30 இலட்சம் வோல்ட்டில் காற்று முறிந்துவிடுவதால், சதுர மீட்டருக்குச் சுமார் 27 மைக்ரோகூலூமுக்கு மேல் காற்றில் நிற்காது. செம்பில் இது ஏறத்தாழ ஒரு இலட்சம் பரப்பு அணுக்களுக்கு ஒரு எலக்ட்ரான் என்ற அளவே.

மேற்கூறிய அனைத்தும் மின்னூட்டங்கள் அசையாதிருக்கும்போது மட்டுமே பொருந்தும். 1 சதுர மி.மீ. குறுக்குப்பரப்புள்ள செம்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது அதன் உள்ளே மீட்டருக்குச் சுமார் 0.017 வோல்ட் புலம் இருக்கிறது. கம்பி எங்கு வளைந்தாலும் அந்தப் புலத்தை அதன் நீளத்தை ஒட்டியே திருப்பிவிடுவதும் பரப்பில் படிந்துள்ள மின்னூட்டமே.