உடம்பெங்கும் ஒரே வெயிலா? கணக்குப் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்க்காரர்களுக்கு வெயிலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் அந்த வெயில் உடம்பின் எந்த இடத்தில் எவ்வளவு விழுகிறது என்று கணினியில் மாதிரி செய்ய உட்கார்ந்தால், படித்தவர்களும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

வானிலைச் செயலியில் காட்டும் புற ஊதாக் குறியீட்டை (வெயிலில் தோலைச் சுடும் புற ஊதாக் கதிரின் அளவைச் சொல்லும் எண்) அப்படியே உடம்பு முழுக்கப் போட்டுவிடுவதுதான் அது. அந்த எண் தரையில் மட்டமாகக் கிடக்கும் பரப்புக்கானது. குறியீட்டில் ஒன்று என்றால் சதுர மீட்டருக்கு 25 மில்லிவாட். 12 என்றால் 300. தோல் சிவப்பதை அளக்க வைத்திருக்கும் அலகு சதுர மீட்டருக்கு 100 ஜூல். குறியீடு 12 என்றால் ஐந்தரை நிமிடத்தில் அது சேர்ந்துவிடும். சரி, யாருக்கு? உச்சந்தலைக்கும் தோளுக்கும். ஏப்ரல் கடைசி வாரத்தில் மதியம் 12.10 சுமாருக்கு சூரியன் நேர் உச்சியில் நிற்கும்போது, நிமிர்ந்து நிற்பவரின் மார்பில் நேர்க்கதிர் அநேகமாக விழுவதே இல்லை. முகத்தில் நேர்க்கதிர் அதிகம் படுவது அதற்கு முன்னும் பின்னும், சூரியன் சாய்ந்திருக்கும் வேளையில்தான்.

நிமிர்ந்து நிற்பவரை மட்டும் வைத்துக் கணக்கை முடிப்பது அடுத்த தவறு. பாலாற்றுப் பக்கத்து வயலில் நாற்று நடும் பெண்ணைப் பாருங்கள். முதுகு தரைக்கு மட்டமாக இருக்கிறது. பிடரி, தோள், ரவிக்கைக்கும் புடவைக்கும் நடுவில் தெரியும் இடுப்பு எல்லாம் வானத்தைப் பார்க்கின்றன. முகம் நிழலில். நின்றபடி இருக்கும் மாதிரி இவருடைய பிடரிக்குச் சொல்லும் எண்ணை நம்பவே கூடாது. வெயிலில் அதிகம் நிற்பவர்கள் இவர்கள்தான் என்பதால் இந்தத் தவறு எனக்குப் பெரிதாகப் படுகிறது. உழைப்பவரின் உடம்பு குனிந்தோ நிமிர்ந்தோ இருக்கும் நிலையை வைத்து மாதிரி செய்யுங்கள், அப்புறம் மற்றதெல்லாம்.

வெளிநாட்டு நிரலை எடுத்து ஓட்டுபவர்கள் மதியச் சூரியன் எப்போதும் தெற்கே என்று வைத்துக்கொள்கிறார்கள். வேலூர் 13 பாகை வட அட்சரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை மதியச் சூரியன் நமக்கு வடக்கே. அக்னி நட்சத்திரம் முழுக்க நண்பகல் நிழல் தெற்கே விழும். இதைத் திருத்தாவிட்டால் கன்னமும் கழுத்தும் இடம் மாறிப்போகும்.

நிழலுக்குப் பூஜ்யம் போடுவதும் சரியில்லை. புற ஊதாக் கதிரில் கணிசமான பங்கு வானம் முழுக்கச் சிதறித்தான் வருகிறது. புங்கமரத்தடியில் உட்கார்ந்தவருக்கும் சுற்றிலும் வானம் தெரிகிறதே. ஒவ்வொரு தோல் துண்டிலிருந்தும் எவ்வளவு வானம் தெரிகிறது, அதில் எவ்வளவை அவருடைய தலையும் கையுமே மறைக்கின்றன என்று பார்க்க வேண்டும். தரையும் கொஞ்சம் திருப்பி அனுப்பும்: உலர்ந்த மணல் 15 சதவீதம் அளவுக்கு, புல் மிகக் குறைவாக. வேர்வையில் நனைந்த பருத்தித் துணி காய்ந்த துணியைவிட அதிகம் உள்ளே விடும். ஜன்னல் கண்ணாடி, புற ஊதாவின் இரண்டு வகைகளில் யூவி-பி கதிரைத் தடுத்தாலும் யூவி-ஏ கதிரை நன்றாகவே விட்டுவிடும்.

எல்லாம் போட்ட பிறகும், அளந்து பார்க்காமல் விடாதீர்கள். புற ஊதா பட்ட அளவைக் காட்டும் பாலிசல்ஃபோன் என்ற பிளாஸ்டிக் படலத்தைச் சின்னச் சின்னதாக வெட்டி, துணிக்கடை பொம்மையின் தலை, மூக்கு, பிடரி, புறங்கை, பாதம் என்று ஒட்டி வெயிலில் வைக்கலாம். பொம்மையை ஒரே திசை பார்த்து நிறுத்திவிடாமல் மெல்லச் சுழலவிடுங்கள். குனிந்த நிலையிலும் ஒருமுறை வையுங்கள்.