அயல்நாடு சென்று திரும்பி எழுத உட்காருபவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மண்டபம் என்னும் கடற்கரை ஊரில் என் வீட்டுத் திண்ணையில் மாதம் ஒருமுறை கூடிக் கதை வாசிக்கும் இளைஞர்களில் மூவர் அண்மையில் அயல்நாடு சென்று திரும்பியிருக்கிறார்கள். ஒருவர் சிங்கப்பூரில் அக்காள் வீட்டில் தங்கியிருந்தவர். மற்ற இருவரும் வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள். மூவரும் வந்த கையோடு எழுத உட்கார்ந்தார்கள். 2018இல் நான்கு மாதம் பினாங்கில் இருந்துவிட்டு வந்த நான் எங்கெங்கே இடறினேனோ, அங்கெல்லாம் அவர்களும் இடறுவதைப் பார்த்தபின் இதை எழுதுகிறேன். நன்றாக உறங்குங்கள், குறிப்பேட்டைத் தொலைக்காதீர்கள் என்பவை எவருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

விடியுமுன் வரும் விழிப்பை விரட்டுதல்

மலேசிய நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது. பினாங்கில் ஆறு மணிக்கு எழுந்து பழகிய உடல் மண்டபத்தில் மூன்றரைக்கே விழித்துக்கொண்டது. அதைக் கோளாறு என்று எண்ணி, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு ஐந்து நாட்களைப் போக்கினேன். நலம் விசாரிக்க உறவினர் எவரும் வராத அந்த நேரம் ஒரு வாரத்தில் கரைந்துவிடும். வளைகுடாவிலிருந்து வருபவருக்கு இது நேர்மாறு; அவருக்கு இரவு நீளும். எதுவாயினும் அந்த ஒரு வாரத்தை மேசைக்குக் கொடுத்துவிடுங்கள்.

ஊர் நமக்காக அசையாமல் நின்றதாக எண்ணுதல்

மூவரில் ஒருவர் 2022 நடுவில் புறப்பட்டுச் சென்று மூன்று ஆண்டுகள் கழித்து வந்தவர். அவருடைய கதையில் இன்றைய காலத்துக் கப்பல் ஒன்று பாம்பன் கால்வாயைக் கடக்கிறது. ரயில் பாலம் இரு கைகளாக விரிந்து அதற்கு வழிவிடுகிறது. 1914இல் திறந்த அந்தப் பழைய பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயில் போக்குவரத்து நின்றுவிட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தின் நடுப்பகுதி விரிவதில்லை, படுத்த வாக்கிலேயே செங்குத்தாக மேலே எழுகிறது. அவர் ஊருக்கு வந்தது அந்தப் பாலத்தைப் பார்த்துக்கொண்டேதான். ஆயினும் எழுதும்போது கண்ணுக்குள் பழைய பாலமே நின்றது. பழையதை எழுதுவது குற்றமன்று; எந்த ஆண்டில் நிற்கிறோம் என்பதை அறியாமல் எழுதுவதுதான் குற்றம். இல்லாத காலத்தில் ஊரில் யார் இறந்தார்கள், எந்தப் படகு கை மாறியது, மீன்பிடித் தடைக்காலம் எப்படிப் போயிற்று என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டு பிறகு தொடங்குங்கள்.

பார்த்ததையெல்லாம் கடைத்தெருவில் பேசித் தீர்த்தல்

வேண்டாம்.

ஊரை ஊருக்கே விளக்கத் தொடங்குதல்

எனக்கு இன்றுவரை ஆறாத தவறு இதுதான். கடலில் மூழ்கிப் பாசி எடுக்கப் போகும் பெண் ஒருத்தியைப் பற்றிய நாவல் ஒன்றைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் பினாங்குக்குப் போயிருந்தேன். கையில் நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள் இருந்தன. திரும்பி வந்த இரண்டாம் வாரம் அதைத் திறந்து படித்தபோது எல்லாமே மொட்டையாக, போதாததாகத் தெரிந்தது. "கச்சான் தூக்கிட்டுது, தென்கடல் ஆகாது" என்று படகுக்காரர் சொல்லும் இடத்தில், கச்சான் என்பது மேற்கிலிருந்து வீசும் காற்று என்று ஒரு வரி சேர்த்தேன். வள்ளம் தீவை நெருங்கும் இடத்தில், மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உள்ளன, 1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது என்று ஒரு பத்தி சேர்த்தேன். விரலுக்குத் துணி சுற்றிக்கொண்டு மூழ்கத் தயாராகும் அந்தப் பெண், மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து ஜெல்லி செய்ய உதவும் அகார் எடுக்கிறார்கள் என்று பக்கத்தில் இருப்பவளிடம் சொன்னாள். பக்கத்தில் இருப்பவளும் இருபது ஆண்டுகளாகப் பாசி எடுப்பவள்! இப்படியே ஆறு வாரம் உழைத்து நூற்றைம்பது பக்கமாக்கினேன். அதைவிடக் கொடியது, திருத்தியதையெல்லாம் பழைய கோப்பின் மேலேயே சேமித்துக்கொண்டு வந்தேன்.

ஏன் இப்படி நேர்கிறது என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். வெளியூரில் நான்கு மாதம், சந்திக்கும் ஒவ்வொருவரிடமும் நாம் ஊரை விளக்கிக்கொண்டே இருக்கிறோம். மண்டபம் எங்கே என்றால் ராமேஸ்வரத்துக்கு முன்னால், கடலா என்றால் இரண்டு பக்கமும் கடல், என்ன தொழில் என்றால் மீனும் பாசியும். அங்கே அது தேவையான பேச்சு. ஆனால் அந்தக் குரல் நாக்கில் ஒட்டிக்கொண்டு நம்முடனேயே விமானம் ஏறி வந்துவிடுகிறது. யாருக்காக எழுதுகிறோமோ அந்த முகம் மாறிப்போனதை எழுதுகிறவரே அறிவதில்லை. எழுத்து வளமாகிவிட்டதாகவே நம்புகிறார்.

என்னைத் தடுத்தவர் எதிர்வீட்டுப் பாசிக்கார அக்கா. ஒரு மாலை அத்தியாயம் ஒன்றை அவருக்கு வாசித்துக் காட்டினேன். வழக்கமாக இடையிடையே திருத்துபவர் அன்று ஒன்றும் பேசவில்லை. முடித்ததும், "இதெல்லாம் எங்களுக்குத் தெரியாதா தம்பி, எதுக்கு இம்புட்டு வெவரமாச் சொல்லுறிய?" என்று கேட்டார். அவர் குறையாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்கு அன்று இரவு உறக்கம் வரவில்லை. பழைய படியைத் தேடினால் நண்பர் ஒருவரிடம் முதல் நாற்பது பக்கங்களின் அச்சுப் படி மட்டுமே இருந்தது. எஞ்சியதை நினைவிலிருந்து மீட்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. பழைய படியில் இருந்த சில வரிகள் இன்னும் திரும்பவில்லை.

வெளியூர் வாசகருக்குப் புரிய வேண்டாமா என்று சிங்கப்பூரிலிருந்து வந்தவர் கேட்டார். புரிய வேண்டும்தான். ஆனால் படகுக்காரர் தென்கடலை விட்டு வடகடலுக்குப் படகைத் திருப்பினால், கச்சான் என்ன செய்யும் என்பது எந்த ஊர்க்காரருக்கும் விளங்கிவிடும். பெண்ணின் விரல் துணி கிழிந்து பாறை கீறினால், அந்தத் துணி எதற்கு என்று தனியே சொல்ல வேண்டியதில்லை. நூலின் கடைசியில் வட்டாரச் சொற்களுக்குப் பொருள் தருவதில் எனக்கு மறுப்பில்லை. அந்த வேலையைப் பாத்திரங்களின் வாயில் ஏற்றுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஆகவே, திரும்பி வந்த முதல் மாதம் பழைய கையெழுத்துப் படியைத் திறக்காதீர்கள். திறக்கும் நாளில் முதலில் ஒரு நகல் எடுத்து, தேதியிட்டு, வேறொருவரிடம் கொடுத்து வையுங்கள். விளக்கம் எழுதக் கை துடித்தால் அதற்கென்று தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். சேர்த்த ஒவ்வொரு வரியையும், கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் இதைச் சொல்வேனா என்று கேட்டுப் பாருங்கள்.

ஊரைக் குறைத்து எழுதுதல்

அங்கே பார்த்த தெருவை அளவுகோலாக வைத்து இந்தக் கரையை அளந்து எழுதிய பக்கங்களை வாசிக்காமலே திருப்பித் தந்துவிடுகிறேன்.

போய் வந்ததை மூடி வைத்துவிடுதல்

அந்த அடி பட்டபின் நான் எதிர்த்திசையில் பிழை செய்தேன். பினாங்குக் குறிப்பேடுகளை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டி, நான் எங்குமே போகவில்லை என்பது போல எழுதினேன். சில ஆண்டுகள் கழித்து நாவலின் கடைசிப் பகுதியில் அந்தப் பெண்ணுக்கு ஓர் அண்ணன் தேவைப்பட்டபோதுதான் பெட்டியைத் திறந்தேன். பினாங்கின் ஜார்ஜ் டவுனில் சூலியா தெருவுக்கு அருகே, சோறும் குழம்பும் விற்கும் ஒரு நாசி கண்டார் கடையில் கல்லாவில் இருந்த முதியவரைப் பற்றி ஒரு குறிப்பு இருந்தது. ஊரை விட்டு நாற்பது ஆண்டுகள் ஆனவர். நான் மண்டபத்துக்காரன் என்று அறிந்ததும், வீடு, உறவு, விலைவாசி எதையும் கேட்கவில்லை. "கச்சான் எடுத்துருச்சா?" என்று மட்டும் கேட்டார். அண்ணனைக் கல்லாவில் உட்கார வைத்து, தொலைபேசியில் அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கச் செய்தேன். கச்சான் என்றால் என்ன என்று அந்தப் பக்கத்தில் நான் எழுதவில்லை.