நத்தையை நகலெடுக்காத நத்தைப் பாடம்

புகழ்பெற்ற ஓவியம் ஒன்றைப் பலகையில் மாட்டி, “இதைப் பார்த்து வரையுங்கள்” என்று சொன்னால், வகுப்பின் முடிவில் அந்த ஓவியத்தின் மங்கலான நகல்கள் ஒரு கட்டு சேரும். தொடக்கத்தில் நானும் அப்படித்தான் பாடம் நடத்தினேன். ஓவியர் எடுத்த முடிவுகளுள் ஏதேனும் ஒன்றை மட்டும் மாணவர்களிடம் கொடுத்துவிட்டு, மற்றவற்றை அவர்களே தீர்மானிக்கும்படி விட்டால் படம் அவர்களுடையதாக அமையும் என்பது பின்னர்தான் புரிந்தது. புதிதாக ஓவிய வகுப்பெடுப்பவர்களுக்காக அந்த முறையை ஒரே எடுத்துக்காட்டைக் கொண்டு விளக்குகிறேன்.

முதல் படி, ஓவியரைத் தேர்வது. 1890–91இல் பிரெஞ்சு ஓவியர் மோனே ஒரே வைக்கோற்போர்களை வெவ்வேறு ஒளியில் ஏறத்தாழ 25 முறை தீட்டினார். அருமையான பாடம், ஆனால் பல நாள் பிடிக்கும். தொடக்கத்திற்கு இன்னொரு பிரெஞ்சு ஓவியரான ஆன்றி மத்தீஸ்தான் ஏற்றவர். 1941இல் நடந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு நெடுநேரம் நின்று தீட்ட இயலாத நிலையில், உதவியாளர்கள் வண்ணம் பூசித் தந்த தாள்களைக் கத்தரிக்கோலால் வெட்டியே அவர் படங்களை உருவாக்கினார். பென்சிலுக்கு வேலை இல்லாததால், “எனக்கு வரைய வராது” என்று ஒதுங்கும் பிள்ளையும் முதல் நிமிடத்திலேயே வேலையில் இறங்கிவிடும்.

இரண்டாம் படி, பார்ப்பது. இதில் அவசரம் கூடாது. 1953இல் மத்தீஸ் செய்த ‘நத்தை’யின் அச்சுப்படத்தைத் தலைப்பைச் சொல்லாமல் காட்டி, கண் எங்கே தொடங்கி எந்த வழியாகப் போகிறது என்பதை விரலால் காற்றில் வரைந்து காட்டச் சொல்லுங்கள். பலருடைய விரலும் சுழன்று உள்ளே போகும். அதன்பின் தலைப்பைச் சொல்லி, மேலே இடப்பக்க மூலையில் உள்ள இளஊதாத் துண்டின் விளிம்பைக் கவனிக்கச் சொன்னால், அதிலேயே ஒரு குட்டி நத்தை ஒளிந்திருப்பதை யாரேனும் கண்டுபிடித்துக் கத்துவார்கள். மூலப்படம் பக்கத்துக்கு ஏறத்தாழ 2.87 மீட்டர் என்பதால், அதே அளவுச் சதுரத்தைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைந்து அதற்குள் அவர்களை நிற்க வையுங்கள்; கையடக்க அச்சுப்படம் மறைத்துவிடும் செய்தி அது.

மூன்றாம் படி, தாளுக்கு வண்ணம் பூசுவது. கடையில் வாங்கும் வண்ணத்தாளைவிடத் தூரிகைத் தடம் தெரியும்படி மாணவர்களே பூசிய தாள் நன்றாக இருக்கும். ஆளுக்கு மூன்று தாள் போதும். சிவப்புக்குப் பச்சை, நீலத்துக்கு ஆரஞ்சு என எதிரெதிர் வண்ணங்கள் ஒரு இணையாவது இருக்கட்டும். மறுநாள்வரை உலர விடுங்கள்.

நான்காம் படி, வெட்டுவது. நத்தையைக் கையில் வைத்துப் பார்த்து வரைந்த பிறகே மத்தீஸ் இந்தப் படத்துக்கு வந்தார். ஆகவே ஒவ்வொருவரும் ஓர் இலையையோ சிப்பியையோ கையில் வைத்து ஐந்து நிமிடம் வரையட்டும். பிறகு அந்த வரைபடத்தைக் கவிழ்த்து வைத்து, பென்சில்களையும் வாங்கிக்கொண்டு, நினைவில் நிற்பதை மட்டும் பத்துத் துண்டுகளாக வெட்டச் சொல்லுங்கள். கத்தரிக்கோலை அசைப்பதைவிடத் தாளைத் திருப்பினால் வளைவு சீராக வரும் என்பதை ஒருமுறை செய்து காட்டினால் போதும்.

ஐந்தாம் படியில் பசையை மேசைக்கு வெளியே வைப்பதே முக்கியம். மத்தீஸ் துண்டுகளைச் சுவரில் ஊசியால் குத்தி இடம் மாற்றிக்கொண்டே இருந்தார். மாணவர்களும் கால் மணி நேரம் நகர்த்திப் பார்த்து, குறைந்தது மூன்று அமைப்புகளைப் படம் எடுத்து, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்த பின்னரே ஒட்ட வேண்டும். பசை ஈரமாக இருந்தால் தாள் சுருளும். மெல்லியதாகத் தடவிப் புத்தகங்களுக்கு அடியில் வையுங்கள்.

மதிப்பிடும்போது மத்தீசைப் போல இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். அதிகமாக இடம் மாறிய துண்டு எது, ஏன் மாற்றினாய் என்று கேட்டு, பதிலை இரண்டு வரியில் படத்தின் பின்புறம் எழுதச் சொல்லுங்கள். நான் மதிப்பெண் போடுவது அந்தப் பின்புறத்தைப் படித்த பிறகுதான்.