தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தைக் கணக்கோடு பார்ப்பது எப்படி

அனைத்துலகக் காற்பந்துப் போட்டிக்கான தகுதிச் சுற்று அதன் இறுதிக் கட்டத்தை எட்டும்போது, தொலைக்காட்சித் திரையின் மூலையில் தெரியும் கோல் எண்ணிக்கை பாதிச் செய்தியை மட்டுமே சொல்கிறது. எந்த அணி முன்னேறும் என்பதைத் தீர்மானிக்கும் மற்றப் பாதி, அந்தப் போட்டியின் விதிகளில் இருக்கிறது. எனவே ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே விதிகளைப் படித்து, இரு அணிகளுக்கும் என்ன தேவை என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வதே முதல் வேலை. கோப்பிக்கடையில் நண்பர்களோடு சேர்ந்து பார்ப்பவர்கள் இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். அரைகுறைக் கணக்கோடு பத்துப் பேர் பேசும் இடத்தில் சரியான கணக்கு ஒருவரிடமாவது இருக்க வேண்டும்.

முதலில், சுற்று எந்த வகையைச் சேர்ந்தது என்று பாருங்கள். குழு ஆட்டமா, சொந்த மண்ணில் ஒன்றும் எதிரணி மண்ணில் ஒன்றுமாக நடக்கும் இரட்டை ஆட்டமா, அல்லது ஒரே ஆட்டத்தில் முடிவு தெரிந்துவிடும் நேரடி மோதலா? ஐரோப்பாவின் உலகக் கிண்ண பிளே-ஆஃப் சுற்று (குழு ஆட்டங்களுக்குப் பிறகு மீதமுள்ள இடங்களுக்காக நடக்கும் சுற்று) 2018 போட்டி வரை இரட்டை ஆட்டமாக இருந்தது. 2022 போட்டிக்கு அது ஒற்றை ஆட்டமாக மாறியது. இத்தாலி 2017ல் சுவீடனிடம் இரண்டு ஆட்டங்களில் மொத்தம் 0-1 என்று தோற்றது. 2022ல் பலெர்மோவில் வட மாசிடோனியாவிடம் காயநேரத்தில் (தடைபட்ட நேரத்திற்கு ஈடாக இறுதியில் கூட்டப்படும் நிமிடங்களில்) விட்ட ஒரே கோலோடு வெளியேறியபோது, அதைச் சரிசெய்ய அந்த அணிக்கு இரண்டாம் ஆட்டம் இருக்கவில்லை.

குழுச் சுற்று என்றால், புள்ளிகள் சமமானால் அடுத்து எதைப் பார்ப்பார்கள் என்ற வரிசையைத் தேடிப் படியுங்கள். இதில்தான் மிகப் பலர் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் ஒரே கண்டத்திலேயே போட்டிக்குப் போட்டி வரிசை மாறுகிறது. 2026 உலகக் கிண்ணத்திற்கான ஆசியத் தகுதிச் சுற்றின் இரண்டாம் கட்டத்தில் மொத்த கோல் வித்தியாசம் முதலிலும், மொத்தமாகப் போட்ட கோல்கள் அடுத்தும், சமநிலையில் உள்ள அணிகள் தமக்குள் மோதிய ஆட்டங்கள் அதற்குப் பிறகும் பார்க்கப்பட்டன. 2027 ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றிலோ, தமக்குள் மோதிய ஆட்டங்களே முதலில் வந்தன.

சிங்கப்பூர் அணி இந்த இரண்டு வரிசைகளுக்கும் நல்ல எடுத்துக்காட்டாக அமைந்தது. 2024 ஜூன் 11 அன்று பேங்காக்கில் தாய்லாந்தை எதிர்த்து நாம் ஆடியபோது, நமக்கு முன்னேறும் வாய்ப்பு எதுவும் மிச்சமில்லை; ஆனால் தாய்லாந்து மூன்று கோல் வித்தியாசத்தில் வென்றால் அதே குழுவில் இருந்த சீனா வெளியேறும் நிலை இருந்தது. தாய்லாந்து 3-1 என்றுதான் வென்றது. தாய்லாந்தும் சீனாவும் 8 புள்ளிகள், 9 கோல்கள் போட்டு 9 கோல்கள் விட்ட கணக்கு என்று எல்லாவற்றிலும் சமமாக நின்றன. தமக்குள் மோதியதில் ஒன்றை 2-1 என்று வென்று மற்றொன்றை 1-1 என்று சமன் செய்திருந்த சீனா முன்னேறியது. இக்சான் ஃபாண்டி போட்ட அந்த ஒரு கோலும், கோல்காப்பாளர் ஹசான் சன்னி தடுத்த பந்துகளும் வேறொரு நாட்டின் கதியை முடிவு செய்தன. அடுத்த நாட்களில் தெம்பனிசில் உள்ள ஹசானின் உணவுக் கடைக்குச் சீன ரசிகர்கள் திரண்டு வந்ததற்கு இந்தக் கணக்கே காரணம். ஆட்டத்தின் முடிவை மட்டும் பார்த்தவர்களுக்கு அது ஒரு சாதாரணத் தோல்வியாகத்தான் தெரிந்திருக்கும்.

2025 நவம்பர் 18 அன்று ஹாங்காங்கின் கைடாக் விளையாட்டரங்கில் நடந்த ஆசியக் கிண்ணத் தகுதி ஆட்டம் இதன் மறுபக்கம். சிங்கப்பூரும் ஹாங்காங்கும் தலா 8 புள்ளிகளோடு களமிறங்கின. ஷவால் அனுவார், இல்ஹான் ஃபாண்டி ஆகியோரின் கோல்களால் நாம் 2-1 என்று வென்றோம். இன்னும் ஓர் ஆட்டம் பாக்கி இருந்தது. அதில் ஹாங்காங் வென்று நாம் தோற்றால் இருவரும் 11 புள்ளிகளில் நிற்கலாம். அப்படியிருந்தும் அன்றிரவே தகுதி உறுதியானது, ஏனென்றால் காலாங்கில் 0-0, அங்கே 2-1 என்று நேரடி மோதலில் நாமே முன்னணியில் இருந்தோம். 1984ல் போட்டியை நடத்திய நாடாகப் பங்கேற்ற சிங்கப்பூர், ஆடி வென்று தகுதி பெற்றது இதுவே முதல் முறை. அந்தக் கணத்தின் முழு மகிழ்ச்சியும் விதியின் வரிசையை அறிந்திருந்தவர்களுக்கு இறுதி விசில் ஒலித்த நொடியிலேயே கிடைத்தது.

இரட்டை ஆட்டம் என்றால், தாளில் இரண்டு ஆட்டங்களின் மொத்தத்தை எழுதி, பக்கத்திலேயே எதிரணி மண்ணில் போட்ட கோல்களுக்குத் தனி மதிப்பு உண்டா, அதாவது மொத்தம் சமமானால் அங்கே அதிக கோல் போட்ட அணி முன்னேறுமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியக் காற்பந்துச் சங்கங்களின் ஒன்றியம் 2021ல் தன் கிளப் போட்டிகளிலிருந்து அந்த விதியை நீக்கிவிட்டது. ஆகவே பழைய பழக்கத்தில் அதை எல்லாப் போட்டிகளுக்கும் பொருத்திப் பார்க்கக் கூடாது. அது நடப்பில் இருந்த காலத்தில் கணக்கு எவ்வளவு மாறியது என்பதற்கு 2011 ஜூலையில் மலேசியாவுடன் ஆடிய ஆட்டங்களே சான்று. ஜாலான் புசாரில் நாம் 5-3 என்று வென்றோம். இரண்டு கோல் முன்னிலை வசதியாகத் தோன்றலாம். ஆனால் இங்கே மலேசியா போட்ட மூன்று கோல்களால், புக்கிட் ஜாலிலில் 0-2 என்று தோற்றாலே நாம் வெளியேறியிருப்போம். அங்கே மலேசியா 1-0 என்று முந்தியபோது இன்னும் ஒரே கோல்தான் இடைவெளி. ஷாரில் இஷாக் சமன் செய்த பிறகே மூச்சு விட முடிந்தது, மொத்தம் 6-4.

மொத்தக் கணக்கும் சமமானால் வழக்கமாக 30 நிமிடக் கூடுதல் நேரம் வரும். அது இரண்டாம் ஆட்டம் நடக்கும் இடத்திலேயே ஆடப்படுவதால், இரண்டாம் ஆட்டத்தைச் சொந்த மண்ணில் ஆடும் அணிக்குச் சற்றே சாதகம் என்பது என் எண்ணம். கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடங்களில் பயிற்றுநர் இறக்கும் மாற்று ஆட்டக்காரர்களைக் கவனியுங்கள். 2022 ஜூனில் பெருவுக்கு எதிரான ஆட்டத்தில் முடிவைத் தீர்மானிக்கும் பெனால்டி உதைகளுக்காகவே ஆஸ்திரேலியா கோல்காப்பாளரை மாற்றி ஆண்ட்ரூ ரெட்மேனை இறக்கியது. அவர் கடைசி உதையைத் தடுத்து அணியை உலகக் கிண்ணத்திற்கு அனுப்பினார். தொண்ணூறு நிமிடம் ஆனதும் எழுந்து போகவும் வேண்டாம். 2025 நவம்பரில் ஈராக், ஐக்கிய அரபுச் சிற்றரசுகளை வென்ற பெனால்டி கோல் காயநேரத்தின் 17ஆம் நிமிடத்தில் விழுந்தது.

நேரக் கணக்கைத் தனியாகச் செய்யுங்கள். சவூதி, கத்தார் ஆகிய நாடுகள் நமக்கு 5 மணி நேரம் பின்னால் உள்ளன. மெக்சிகோவின் மொன்டெரே 14 மணி நேரம் பின்னால் இருப்பதால், அங்கே இரவு 9 மணி ஆட்டம் நமக்கு மறுநாள் காலை 11 மணி. ஐரோப்பாவில்தான் சிக்கல் அதிகம். மத்திய ஐரோப்பிய நேரம் இரவு 8.45க்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு விடியற்காலை 3.45, மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை மாற்றிய பிறகு அதுவே 2.45 ஆகிவிடும். பிளே-ஆஃப் அரையிறுதி வியாழக்கிழமையும் இறுதி அடுத்த செவ்வாய்க்கிழமையும் நடக்கும்போது, 2022லும் 2026லும் நேர்ந்ததுபோல், அந்த ஞாயிறு நடுவில் விழுந்துவிடுகிறது. அட்டவணையில் செவ்வாய் என்றிருந்தால், அலாரத்தைப் புதன்கிழமை அதிகாலைக்கு வைக்க வேண்டும்.

ஆட்டம் முடிந்த பிறகும், புகார் எதுவும் எழுந்துள்ளதா என்று ஒரு நாள் பார்த்துக்கொள்ளுங்கள். 2005 செப்டம்பரில் தாஷ்கந்தில் உஸ்பெகிஸ்தான் பஹ்ரைனை 1-0 என்று வென்றது. ஆனால் ஒரு பெனால்டியின்போது நடுவர் விதியைத் தவறாகப் பயன்படுத்தியதால் அந்த முடிவை அனைத்துலகக் காற்பந்துச் சங்கமான ஃபிஃபா ரத்து செய்தது. தாஷ்கந்திலேயே நடந்த மறு ஆட்டம் 1-1 என்றும், பஹ்ரைனின் மனாமாவில் நடந்த இரண்டாம் ஆட்டம் 0-0 என்றும் முடிந்தன. எதிரணி மண்ணில் போட்ட அந்த ஒரு கோலால் பஹ்ரைன் அடுத்த சுற்றுக்குச் சென்றது.