கிட்னி மாத்தின பிறகு மும்பைல சமாளிக்கிறது எப்படி

ஆபரேஷன் முடிஞ்சு தாராவி வீட்டுக்கு வந்ததும் பெரிய கண்டம் தாண்டியாச்சுன்னு நெனச்சேன், நெஜ வேலையே அப்புறம்தாங்க ஆரம்பிச்சுது.

முதல்ல மாத்திரை. எனக்கு டாக்ரோலிமஸ் (புது கிட்னிய உடம்பு ஒதுக்காம இருக்க போடுற மருந்து) 12 மணி நேரத்துக்கு ஒருக்கா, காலைல 9 ராத்திரி 9, போன்ல அலாரம் அடிச்சும் ஒருநாள் மழைல ட்ரெயின் சயான்ல நின்னு போச்சு, மாத்திரை வீட்டு அலமாரில தூங்குது, அன்னிலேர்ந்து ஒருவேளை டோஸ் சட்டைப்பைல சின்ன டப்பால இருக்கும். விட்டுப்போச்சுன்னு டபுளா முழுங்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு கேளுங்க. ரத்தத்துல மருந்து லெவல் பாக்குற அன்னிக்கு மட்டும் காலை மாத்திரைய கையோட எடுத்துட்டு போய், ரத்தம் குடுத்துட்டு போடணும், முன்னாடியே போட்டா அளவு ஏறித்தான் காட்டும்.

பானிபூரி, வெட்டி வச்ச பழம், ஐஸ் போட்ட கரும்பு ஜூஸ் வேணாம் (மனசு கேக்காது, தெரியும்). பம்ளிமாஸும் கூடாது, மருந்து அளவ ஏத்திவிடும். மூட்டுவலிக்கு மெடிக்கல்ல டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென்னு நீங்களா வாங்காதீங்க, கிட்னிய அடிக்கும்.

மழைக்காலத்துல தேங்கின தண்ணில கால் வைக்காதீங்க, எலிக்காய்ச்சல் அதுலதான் வரும், நமக்கு எதிர்ப்பு சக்திய மருந்தே கொறச்சு வச்சிருக்கு.

தெனம் காலைல எடை, பிபி நோட்ல எழுதுங்க. காய்ச்சல் 100.4 தாண்டினா, மூத்திரம் கொறஞ்சா, கால் வீங்கினா, விடியட்டும்னு உக்காராம அந்த ராத்திரியே கெளம்புங்க, நோட்டையும் எடுத்துக்கோங்க.