தெர்மகோல் பலகையைப் படம் எடுத்து அனுப்பினால் போதுமா?

நேரில் நடக்கும் அறிவியல் கண்காட்சியில் மாணவர் தன் மேசைக்குப் பக்கத்திலேயே நிற்பார். பலகையில் ஏதேனும் விட்டுப்போயிருந்தாலும் வாயால் சொல்லிச் சமாளித்துவிடலாம். இணையவழிக் கண்காட்சியில் அது நடக்காது. நடுவர் இரவு பத்து மணிக்குத் தன் வீட்டில் உட்கார்ந்து நாற்பதாவது படைப்பைத் திறக்கும்போது நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள்.

இதை மறந்துவிட்டுப் பலரும் செய்யும் முதல் தவறு, பள்ளிக்காகச் செய்த பலகையை அப்படியே கைப்பேசியில் படம் பிடித்துப் பதிவேற்றுவது. நான்கு அடி அகலப் பலகை, 14 அங்குல மடிக்கணினித் திரையில் ஓர் அடி அகலத்துக்குச் சுருங்கிவிடும். நீங்கள் அரை அங்குல உயரத்தில் எழுதிய எழுத்து அரைக்கால் அங்குலம் ஆகிவிடும். கைப்பேசியில் பார்த்தால் அதிலும் பாதி. போதாக்குறைக்கு ஜன்னல் வெளிச்சம் பட்டுச் சார்ட்டின் நடுப்பகுதி பளபளக்கும். பள்ளி மாணவர்களுக்காக அமெரிக்காவில் நடக்கும் ஐசெஃப் என்ற பன்னாட்டு அறிவியல் போட்டி 2021-இல் முழுக்க இணையத்துக்கு மாறியபோது பலகையின் படத்தைக் கேட்கவில்லை. 12 பக்க ஸ்லைடுத் தொகுப்பு, இரண்டு நிமிட வீடியோ, நான்கு கட்டங்களாகப் பிரித்த ஒரு பக்கச் சுருக்கம் ஆகியவற்றைத்தான் கேட்டது. கேள்வி, செய்முறை, முடிவுகள், அவற்றின் பொருள் என ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். உங்கள் மாவட்டப் போட்டி எதைக் கேட்டாலும் சரி, முதலில் இந்த ஒரு பக்கத்தை எழுதிப் பாருங்கள். நான்கில் எந்தக் கட்டம் நிரம்ப மறுக்கிறதோ, அங்கேதான் ஆய்வில் ஓட்டை இருக்கிறது.

அடுத்தது வரைபடம். எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவதும் இதுதான். ஒரு மாணவி பச்சைப்பயறை இருவகை நீரில் முளைக்கவைக்கிறாள் என்று வையுங்கள். ஒன்றில் 92 சதவீதம் முளைத்தது, மற்றொன்றில் 96 சதவீதம். கணினி தானாக வரைந்த பட்டை வரைபடத்தில் நிலைக்குத்து அச்சு 90-இல் தொடங்கினால், இரண்டாவது பட்டை முதலாவதைப்போல் மூன்று மடங்கு உயரமாக நிற்கும். பார்ப்பவர் வியந்துபோவார். ஒவ்வொரு தட்டிலும் எத்தனை பயறு போட்டாள் என்று தேடினால், எங்கோ ஒரு மூலையில் 25 என்று இருக்கும். அதாவது 23 பயறுக்கும் 24 பயறுக்கும் உள்ள வேறுபாடு. ஒரே ஒரு பயறு! பட்டை வரைபடத்தின் அச்சைப் பூஜ்யத்தில் தொடங்குங்கள். மொத்த எண்ணிக்கையையும், சோதனையை எத்தனை முறை திரும்பச் செய்தீர்கள் என்பதையும் வரைபடத்துக்குக் கீழேயே எழுதுங்கள். “பெரிய வேறுபாடு தென்படவில்லை” என்று எழுத வெட்கப்பட வேண்டியதில்லை. அதை எழுதும் மாணவரை நடுவர்கள் கவனிப்பார்கள். சிவப்பையும் பச்சையையும் அருகருகே வைக்காதீர்கள். சிலரால் அவற்றைப் பிரித்தறிய முடியாது.

தமிழில் தயாரிப்பவர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஸ்லைடை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டும். நடுவர் என்ன செய்வார், பாவம்? எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் தட்டச்சு செய்து, பிடிஎஃப் ஆக மாற்றி, வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிட்டே அனுப்புங்கள்.

வீடியோவில் படம் சற்று மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், குரல் கேட்காவிட்டால் முடியாது. மின்விசிறியை நிறுத்துங்கள், சமையலறையில் குக்கர் விசில் அடங்கும்வரை காத்திருங்கள். பின்னணி இசை வேண்டவே வேண்டாம். எழுதிவைத்ததை ஒப்பிப்பதைவிட, கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு எது முதல் தடவை வேலை செய்யவில்லை என்று சொல்வது நன்றாக இருக்கும். அப்பா செய்துகொடுத்த கருவி என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். மறைத்தால், பிறகு நடுவர் ஒரு கேள்வி கேட்டாலே அது வெளிப்பட்டுவிடும்.

படங்களில் அடையாள அட்டை, வீட்டு முகவரி, தோழர்களின் முகம் ஆகியவை தெரிகின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். கைப்பேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் விவரமும் பதிந்திருக்கக்கூடும். கேமரா அமைப்பில் அதை அணைத்துவிட்டுப் படம் எடுப்பது நல்லது. ஆசிரியருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் தரம் குறையும், ஆவணமாக அனுப்புங்கள்.

கடைசியாக, இணைப்பு. கூகுள் டிரைவில் ஏற்றிய கோப்பு உங்களுக்குத் திறக்கும், ஏனென்றால் அது உங்கள் கணக்கு. அனுமதியை மாற்றாவிட்டால் நடுவருக்கு “அணுகல் தேவை” என்ற பக்கம்தான் வரும். அந்த நேரத்தில் அவர் அனுமதி கேட்டு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருக்க மாட்டார், அடுத்த படைப்புக்குப் போய்விடுவார். பக்கத்து வீட்டு அக்காவின் கைப்பேசியை ஐந்து நிமிடம் வாங்கி, அதில் இணைப்பைத் திறந்து பாருங்கள்.